ஒரே பெட்டியில் ஐந்து வாசனை

"நான் தாலியறுத்தவளா, இல்லையா? அத ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார். போதும்."

நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிட்டாள் அந்தப் பெண்மணி. கோவர்த்தனன் பேனாவை மூடி வைத்தார். நாலு வருடத் துப்பறியும் தொழிலில், கணவன் எங்கே சுற்றுகிறான் என்று கேட்டு வந்த பெண்கள் நிறைய. கணவன் இருக்கிறானா என்று கேட்டு வந்தவள் இவள்தான் முதல்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு இறங்குகிறவர்கள் தங்கும் லாட்ஜ் ஒன்றின் இரண்டாவது மாடியில் இருந்தது அவர் அலுவலகம். சென்னைத் துறைமுகத்தில் சுங்க இலாகாவின் கிடங்கை இருபது வருடம் காவல் காத்துவிட்டு, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சொந்த மாவட்டத்துக்கே திரும்பியவர். உதவிக்கு ரூபா. சத்தியவேட்டுப் பெண், வயது இருபத்தாறு. கைக்கு ஒரு சம்பளம் கொடுத்தால் வாய்க்குத் தனியாக ஒன்று கொடுக்க வேண்டும்.

"மொதல்ல உக்காருங்கம்மா. பேரு, ஊரு சொல்லுங்க" என்றாள் ரூபா, தண்ணீர் செம்பை நீட்டியபடி.

"சுலோசனா. நகரி பக்கம். எங்க ஊட்டுக்காரர் பேரு கன்னையா. புத்தூர்ல சுருட்டுக் கம்பெனில சுருட்டு சுத்திக்கினு இருந்தாரு. தொண்ணூத்தாறுல ஏஜெண்டப் புடிச்சி குவைத்துக்குப் போனாரு. ரெண்டு வருசம் கழிச்சு, கூடப் போனவன் ஒர்த்தன் வந்து, லாரி மோதி பூட்டாருன்னு சொன்னான். பொணமும் வரல, பேப்பரும் வரல. பதினாறாம் நாளு என் கழுத்துல, கையில இருந்ததெல்லாம் எடுத்துட்டாங்க."

"இப்ப என்ன திடீர்னு சந்தேகம்?" என்று கேட்டார் கோவர்த்தனன்.

"எங்களுக்கு ஒரே பொண்ணு, பிரியங்கா. இங்கதான் ஆஸ்பத்திரில நர்சு. ஆவணில அவளுக்குக் கண்ணாலம். பத்திரிக வைக்கப் போன எடத்துல ஒரு சொந்தக்காரரு சொல்றாரு, போன வருசம் பஸ்ல போறப்ப கன்னையா மாதிரியே ஒர்த்தர ரோட்டுல பாத்தேன்னு. எந்த ஊருன்னு நெனவில்லையாம். அறுத்தவ தாரை வார்க்கக் கூடாதுன்னு என் கொழுந்தனும் அவன் பொண்டாட்டியும் மணையில ஒக்காரப் போறாங்க. நான் மூலையில நின்னு பாக்கணும். நெசமாவே அவரு போயிட்டார்னா நிக்கறேன் சார். அவரு இருக்கறப்ப நான் ஏன் மூலையில நிக்கணும்?"

கேள்வியில் அழுகை இல்லை. கோபம்தான் இருந்தது. கோவர்த்தனனுக்கு அது பிடித்தது.

"அவர் சம்பந்தப்பட்ட பொருள் ஏதாவது கொண்டு வந்தீங்களா?"

சுலோசனா பையைத் திறந்தாள். ஒரு போட்டோ. கூடவே ஐந்து சிறிய கட்டுச் சுருட்டுகள். ஒவ்வொரு சுருட்டின் வால் பக்கமும் சிவப்பு நூலால் ஒரு முடிச்சு.

"செவப்பு நூல் முடிச்சு அவரு மட்டும்தான் போடுவாரு. குவைத்துக்குப் போறதுக்கு முன்ன ஒரு பெட்டி நெறய சுத்தி, கூட்டாளி எத்திராஜ் வூட்ல வச்சிட்டுப் போயிருக்காரு. எனக்கே தெரியாது. எத்திராஜ் சித்தூர்ல இருக்காரு. பிரியங்கா நர்சு படிக்க சித்தூர் போன வருசம் அவரப் பாத்திருக்கா. அதுலேருந்து வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு அந்தப் பெட்டியிலேருந்து ஒரு கட்டு வாங்கியாந்து குடுக்கறா. அவருக்குப் படையல் போடறப்ப ஒண்ணக் கொளுத்தி வப்பேன். மீதி ஒம்போதும் அப்படியே பீரோவுல இருக்கும். அவரு கை பட்டதாச்சே சார், எப்படித் தூக்கிப் போடறது?"

ஒவ்வொரு கட்டுக்குள்ளும் ஒரு நாள்காட்டித் தாள் செருகியிருந்தது. 2001 ஆடி அமாவாசையில் தொடங்கி, நாலு நாள் முன்பு முடிந்த இந்த 2005 ஆடி அமாவாசை வரைக்கும்.

கோவர்த்தனன் ஒரு கட்டை எடுத்து முகர்ந்தார். அடுத்த கட்டை எடுத்தார். அவர் மூக்கு ஒரு கணம் நின்றது. அதை ரூபா கவனித்தாள், சுலோசனா கவனிக்கவில்லை.

"இதையெல்லாம் விட்டுட்டுப் போங்க. நாளான்னைக்குக் காலையில வாங்க" என்றார்.

சுலோசனா படியிறங்கியதும் அவர் ஜன்னல்களைச் சாத்தினார். மின்விசிறியை நிறுத்தினார்.

"இன்னா சார், ஏதாவது பூஜையா?"

"கீழே முப்பது மொட்டைத் தலை. அத்தனையிலும் சந்தனம். அந்த வாசனை அடங்கட்டும். இந்தா, இதை மோந்து பார்."

இந்த வருடக் கட்டு. ரூபா மூக்கருகே கொண்டுபோய்விட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"ஐயே! வெல்லமும் லவங்கமும் மேல மணக்குது. உள்ள எங்க வூட்டு மாட்டுக்கொட்டாய் சார். காலைல கழுவி வுடாத கொட்டாய்."

"நூத்துக்கு நூறு மார்க். அடுத்தது?"

"போன வருசத்துது. மாட்டுக்கொட்டாய் இல்ல. காஞ்ச வைக்கோலு. கொஞ்சம் மொளகு மாதிரி ஏறுது."

"2003?"

"வறுத்த வேர்க்கடலை. அதுக்கு முந்தின வருசமும் கிட்டத்தட்ட அதேதான், இன்னும் கொஞ்சம் மெதுவா. சார், பசிக்குது."

"கடைசியா 2001."

ரூபா இந்த முறை நேரம் எடுத்துக்கொண்டாள். "டீத்தூள் டப்பாவத் தொறந்தா மாதிரி. அப்புறம்... திராட்சை, காஞ்ச மகிழம்பூ. நல்லாருக்கு சார் இது. வெல்லம், லவங்கம் எதுவும் இல்ல."

"இப்ப சொல்லு. அஞ்சு கட்டும் எப்ப சுத்தினது?"

"அதான் சொன்னாங்களே. தொண்ணூத்தாறுல, ஒரே பெட்டியில."

"ஒரே பிரசவத்துல பொறந்த அஞ்சு பேர்ல ஒருத்தனுக்கு மீசை நரைச்சிருக்கு, இன்னொருத்தன் தொட்டில்ல கெடக்கறான். நம்பறியா?"

ரூபா விரலை மடக்கி வருடங்களை எண்ணினாள்.

கோவர்த்தனன் மேசைமேல் ஐந்து கட்டையும் வரிசையாக வைத்தார். "கிடங்குல ஒரு கேஸ் சொத்து இருந்துச்சு. வெளிநாட்டுச் சுருட்டு, நாப்பது பெட்டி. கேஸ் ஒம்பது வருசம் ஓடிச்சு. வருசா வருசம் சரக்கு சரிபார்க்கும்போது ஒவ்வொரு பெட்டியா திறந்து மோந்து பார்ப்பேன். வேற பொழுதுபோக்கு கிடையாது. புகையிலையைப் பதப்படுத்தும்போது அம்மோனியா உண்டாகும். அதான் உன் மாட்டுக்கொட்டாய். சுத்தினதும் உள்ளே மாட்டிக்கும். கொஞ்சங் கொஞ்சமா கசிஞ்சு போயிரும். சில மாசம், மிஞ்சிப்போனா ஒரு வருசம். அப்புறம் இலையில இருக்கிற மஞ்சள் சாயம் உடைய ஆரம்பிக்கும். அதுலதான் டீ, பூ, திராட்சையெல்லாம் வருது. இன்னொரு பக்கம் இலையோட சர்க்கரையும் புரதமும் சேர்ந்து வறுத்த வாசனை தரும்."

"அடுப்பே இல்லாம வறுபடுதா? கேஸ் மிச்சம்."

"வச்சிருந்த இடத்தைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஆனா ஒம்பது வருசத்துச் சுருட்டுல அம்மோனியா நெடி அடிக்கவே அடிக்காது. இது சுத்தி ஒரு மாசம்கூட ஆகல."

ரூபா மெல்ல உட்கார்ந்தாள். "அப்ப, செவப்பு நூல் முடிச்சு போடற கை..."

"போன மாசம்கூட முடிச்சு போட்டிருக்கு."

மின்விசிறி நின்ற அறையில் இருவருக்கும் வேர்த்தது. ரூபா இந்த வருடக் கட்டை மறுபடி எடுத்து, இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

"சார், இன்னொண்ணு இருக்கு. புளிச்ச மாம்பழம்."

"சபாஷ். சுருட்டு ஈரமா இருக்கும்போது பக்கத்துல எது இருக்கோ அதைக் குடிச்சிரும்."

"எங்க சித்தப்பாவும் அப்படித்தான் சார்."

"நம்ம மாவட்டத்துல, ஆடி மாசம் பூரா, வீட்டுக்குள்ள இருக்கிற சாமான்ல ஏறுற அளவுக்கு மாம்பழம் புளிச்ச நெடி எங்கே அடிக்கும்?"

"சித்தூர். மாங்கூழ் ஃபேக்டரிங்க." ரூபா எழுந்துவிட்டாள். "எத்திராஜும் சித்தூர்தான்! ஆள ஒளிச்சி வச்சிக்கினு, பழைய பெட்டின்னு கத கட்டி அந்தப் பொண்ணு கையில குடுத்து அனுப்பறான். பாவம் சார் பிரியங்கா. நைனாவோட நெனப்புன்னு நெனச்சி வருசா வருசம் சுமந்துக்கினு வந்திருக்கா."

கோவர்த்தனனுக்கும் அப்படித்தான் தோன்றியது.

மறுநாள் காலை பத்து மணிக்குச் சித்தூரில் இறங்கினார்கள். ஊருக்கு வெளியே ஃபேக்டரி சாலை. பெங்களூரா மாங்காய் ஏற்றிய லாரிகள் அரை மைலுக்கு நின்றன. தோலும் கொட்டையும் மலையாகக் குவிந்து கிடக்க, ஈக்கள் ஆளை மொய்த்தன. அந்த நெடி சட்டையில் ஒட்டிக்கொண்டது. இதை முகர ஒரு துப்பறிகிறவன் தேவையில்லை.

டீக்கடையில் ஒரு லாரி டிரைவர் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். வால் பக்கம் கடித்துத் துப்பியிருந்த இடத்தில் ஒரு துணுக்குச் சிவப்பு நூல்.

ரூபா கடைக்காரரிடம் போனாள். "அண்ணா, எங்க நைனாவுக்கு இந்தச் சுருட்டுதான் வேணுமாம். வேற கொடுத்தா என்ன வூட்டுக்குள்ள சேர்க்க மாட்டாரு. எங்க கிடைக்கும்?"

"ஓ, புத்தூராயன சுட்டவா? அந்தச் சுருட்டு நேத்தே தீந்துபோச்சு தல்லி. வூட்லயே போய்க் கேளு. அந்த சந்துல, நீலக் கதவு."

புத்தூர்க்காரர். கோவர்த்தனனும் ரூபாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நீலக் கதவைத் திறந்தவள் முப்பத்தைந்து வயதுப் பெண். "எவரு காவாலி?" என்று, யார் வேண்டும் எனத் தெலுங்கில் கேட்டாள். அவள் தோளுக்குப் பின்னால், தரையில் பலகையை வைத்துக்கொண்டு ஒருவர் சுருட்டு சுற்றிக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. மற்றபடி போட்டோவில் இருந்த அதே முகம்.

கோவர்த்தனன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"கன்னையா, உங்க படையல் சுருட்டு நல்லா இருந்துச்சு."

கத்தி பலகைமேல் விழுந்தது. அந்தப் பெண் என்னவோ கேட்டாள். "லட்சுமம்மா, நூவு லோபலிக்கு போ" என்றார் கன்னையா. அவள் உள்ளே போகாமல் கதவருகிலேயே நின்றாள்.

"நகரியிலேருந்து வர்றீங்களா?"

"உங்க சம்சாரம் அனுப்பினாங்க."

கன்னையா மறுக்கவில்லை. மறுக்கிற வயது கடந்துவிட்டது போலிருந்தது. "குவைத்துல இவள ஒரு வூட்ல வேலைக்கு வச்சிருந்தாங்க. அங்கதான் பழக்கம். ரெண்டாயிரத்துல திரும்பி வந்து இங்க தங்கிட்டோம். ஊருக்குப் போயி இன்னொருத்திய கட்டிக்கினேன்னு சொல்றதவிட, செத்துட்டேன்னு சொல்றது அவளுக்கு மரியாதைன்னு தோணிச்சு சார். அதான் அங்க இருந்தப்பவே, கூட வந்தவன்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னேன்."

"ரொம்பப் பெரிய மரியாதை" என்றாள் ரூபா. "எத்திராஜ் எங்க? இந்த மரியாதையில அவருக்கும் பங்கு உண்டே."

கன்னையா நிமிர்ந்தார். "எந்த எத்திராஜ்?"

"உங்க பழைய சுருட்டுப் பெட்டிய வச்சிருக்கிற எத்திராஜ். வருசா வருசம் உங்க பொண்ணுகிட்ட கட்டு குடுத்து அனுப்பறவரு."

"எங்கூட வேல செஞ்சவனா? அவன் செத்து ஆறு வருசம் ஆச்சேம்மா. நான் குவைத்துல இருக்கறப்பவே பூட்டான்."

ரூபா அடுத்த கேள்விக்கு வாயெடுத்தாள். கோவர்த்தனன் கையால் தடுத்தார். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஸ்டுடியோவில் எடுத்த ஒரு கலர் போட்டோ. நாற்காலியில் கன்னையாவும் லட்சுமம்மாவும். இருவர் தோளிலும் கை போட்டபடி நடுவில் வெள்ளை யூனிஃபார்மில் ஒரு பெண், பல் தெரியச் சிரித்துக்கொண்டு.

"பிரியங்காவா?"

"ஆமா சார். படிப்பு முடிச்சப்ப எடுத்தது." கன்னையாவின் குரல் தாழ்ந்தது. "காலேஜ் சேர்ந்த வருசமே என்ன இந்த ரோட்டுல பாத்துட்டா. நடுரோட்டுல வச்சி அடிச்சா சார், செருப்பால. அப்புறம் உக்காந்து அழுதா. மறுவாரம் அவளே தேடிக்கினு வந்தா. படிக்கிறதுக்கு நான் ஒத்தாசையா இருந்தேன். லீவு நாள்ல இங்கதான் துன்னும்."

"சுருட்டு?"

"அது அவ யோசனை. அம்மா கடச் சுருட்ட வச்சிட்டு, உன் கையால சுத்தினது இல்லையேன்னு அழுவுது நைனா, ஒரு கட்டு சுத்திக் குடு, மனசு ஆறும்னா. எத்திராஜ் பேரையும் அவதான் புடிச்சா. செத்தவன் வந்து இல்லன்னு சொல்ல மாட்டான் பாருங்க."

தன் படையலுக்குத் தானே சுருட்டு சுற்றிக் கொடுத்தவனை ரூபா அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறாள். பாவம் பிரியங்கா என்று நேற்று தானே சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்து, யாரோ தன்னையே ஏமாற்றியது போல எரிச்சலாக இருந்தது.

"பழசாட்டம் இருக்கட்டும்னு வெல்லத் தண்ணியும் லவங்கமும் தெளிச்சித்தான் குடுத்தேன்" என்றார் கன்னையா. "முப்பது வருசமா சுத்தறேன். எப்படி சார் கண்டுபுடிச்சீங்க?"

"சுத்தின வாரமே வித்துத் தீருற தொழில் உங்களோடது. நாலு வருசம், ஒம்பது வருசம் வச்ச சுருட்டு எப்படி மணக்கும்னு நீங்க ஒரு நாளும் மோந்து பார்த்ததில்லை. எல்லாத்தையும் பத்திரமா எடுத்து வைப்பாங்க ஒரு பொம்பளைன்னு நினைச்சும் பார்த்ததில்லை."

கன்னையா அவர் கையைப் பிடித்தார். "கண்ணாலம் முடியட்டும் சார். அப்புறம் சொல்லுங்க. கால்ல வேணாலும் விழறேன்."

கோவர்த்தனன் கையை விடுவித்துக்கொண்டு எழுந்தார்.

திருப்பதி பஸ் பாகாலா தாண்டியதும் ரூபா, "அந்தம்மாகிட்ட பாதிய மட்டும் சொல்லலாமா சார்? புருஷன் இருக்காருன்னு. பொண்ண வுட்டுட்டு?" என்றாள்.

"ஏற்கனவே ஒருத்தி அவங்க நல்லதுக்குன்னு அஞ்சு வருசமா பாதி சொல்லிட்டிருக்கா. நாமளும் சேரணுமா?"

மறுநாள் காலை ஒன்பது மணிக்கே சுலோசனா வந்துவிட்டாள். கோவர்த்தனன் சுற்றி வளைக்கவில்லை. கன்னையா உயிரோடு இருக்கிறார் என்றார். எங்கே, யாரோடு என்பதையும் சொன்னார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். தோள் குலுங்கியது. ரூபா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். சற்று நேரத்தில் சுலோசனா நிமிர்ந்து மூக்கைத் துடைத்தாள்.

"போகட்டும். ஊரு ஊருக்கு ஒர்த்தன் இப்படித்தான் பண்றான். இந்த எத்திராஜ்தான் என் பொண்ண ஏமாத்தி..."

"எத்திராஜ் இறந்து ஆறு வருசம் ஆச்சும்மா."

மீதியையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், இல்லை இல்லை என்று.

"எம் பொண்ணு செய்யாது சார். நீங்க வேற யாரையோ பாத்துட்டு வந்திருக்கீங்க. எனக்கு வளையல் ஒடைக்கறப்ப குறுக்க வுழுந்து அழுத பொண்ணு அது. போன் குடுங்க. நானே கேக்கறேன்."

சுலோசனா சொன்ன எண்ணை ரூபா போட்டு, ஸ்பீக்கர் பட்டனை அழுத்தினாள். மூன்றாவது மணியில் எடுத்தாள் மகள்.

"பிரியங்கா, அம்மா பேசறேன்."

"இன்னாம்மா? டூட்டில இருக்கேன், சொல்லு."

"எத்திராஜ் அண்ணன் வூட்டுக்குப் பத்திரிக வைக்கவே இல்லையே. நானே நேர்ல போயி வச்சிட்டு வரலாம்னு இருக்கேன். வழி சொல்லு."

"நீ எதுக்கும்மா அவ்ளோ தூரம் அலையற? நான் போன வாரமே குடுத்துட்டேன். மாமாவுக்கு முட்டி வலி, கண்ணாலத்துக்கு வர முடியாதாம். உன்ன ரொம்ப விசாரிச்சாரு."

"நல்லாத்தானே இருக்காரு?"

"நல்லாருக்காரும்மா. ஏன் குரலு ஒருமாதிரி இருக்கு? துன்னியா இல்லையா நீ?"

"துன்னேன்டி. வச்சிடறேன்."

ரூபா பட்டனை அழுத்தி இணைப்பைத் துண்டித்தாள். கீழே ஏதோ டூரிஸ்ட் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"முட்டி வலியாம்" என்றாள் சுலோசனா. "ஒரு பேச்சு தடுமாறல சார் அவளுக்கு. அவ அழுதத பாத்துத்தான் நான் ஒவ்வொரு ஆடிக்கும் மனச தேத்திக்கினேன். ஞாயித்துக்கெழம அங்க போயி சிரிச்சிக்கினு துன்னுட்டு, வந்து எங்கூட உக்காந்து அழுதிருக்கா. கட்டினவன் பண்ணினத என்னால தாங்க முடியும். இத எப்படி சார் தாங்கறது?"

கோவர்த்தனனுக்குத் தன் மூக்கின் மேலேயே வெறுப்பாக இருந்தது. "கல்யாணத்தை நிறுத்தப் போறீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"எதுக்கு நிறுத்தறேன்? நல்லா நடக்கட்டும்." சுலோசனா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். குரலில் இப்போது நடுக்கம் இல்லை. "கொழுந்தன் வேணாம், யாரும் வேணாம். மணையில நான்தான் ஒக்காருவேன். தலை நெறய பூ வச்சிக்கினு, பெரிய பொட்டா வச்சிக்கினு ஒக்காருவேன். ஏன்டி சுலோசனா, உனக்கென்ன பைத்தியமான்னு ஊரே கேக்கும் இல்ல? எம் பொண்ணக் கேளுங்கன்னு சொல்லுவேன்."